மூன்றாம் மாடித் தண்ணீர்

ஆகஸ்ட் 4, திங்கள்

விடாத மழை. ஆபீஸிலிருந்து வந்ததும் முதல் வேலை, படுக்கை அறை சீலிங்கை அண்ணாந்து பார்ப்பது. போன வாரம் உள்ளங்கை அளவு இருந்த ஈரம் இப்போது முறம் அளவு. ஃபேனுக்கும் கட்டிலுக்கும் நடுவில். பெயிண்ட் கொப்புளித்துத் தொங்குகிறது. கீழே பக்கெட். பக்கெட்டுக்குள் இவருடைய பழைய பனியன், சொட்டுகிற சத்தம் கேட்காமல் இருக்க.

செய்ய வேண்டியவை:
– கட்டடச் செக்ரட்டரி சாவந்திடம் மறுபடியும் சொல்ல.
– மெத்தையை வெயிலில் போட. (வெயிலுக்கு எங்கே போக?)
– தொட்டில் கொக்கி. ஈர ஸ்லாப்பில் மாட்டலாமா, கேட்க.
– ஜெ.க்கு நைட்டி இரண்டு, முன்பக்கம் ஜிப் வைத்தது.

31-ம் தேதி ஞாயிறு, நெருளில் சம்பந்தி வீட்டில் மகள் ஜெனிக்கு வளைகாப்பு. அன்று சாயங்காலமே அவளை இங்கே கூட்டி வர வேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில். எங்களிடம் இருப்பதோ ஒரு ஹால், ஒரு அறை. ஹாலில் ஆள் வருவதும் போவதும். கதவைத் திறந்தால் நேரே மாடிப்படி. பிள்ளை பெற்றவளுக்கு அந்த அறையை விட்டால் வேறு இடம் கிடையாது. அந்த அறைதான் ஒழுகுகிறது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். சொன்னவர் வீடு ஒழுகியிருக்காது.

ஆகஸ்ட் 6, புதன்

சாவந்த் வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றாமலே. "பாரிஷ் ஜானே தோ, மேடம்" என்றார். மழை போகட்டுமாம். மழை போவதற்குள் என் பேரப்பிள்ளைக்குத் தலை நின்றுவிடும். மொத்தக் கட்டடமும் ஒழுகுகிறது, உங்களுக்கு மட்டுமா என்று வேறு கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் மேலே ஏறினேன். எங்களுக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில் ஞானராஜ் அண்ணாச்சி. எங்கள் சபையின் மூப்பர். தாராவியில் ஒரே சந்தில் இருந்தோம். இந்தச் செம்பூர் சொசைட்டிக் கட்டடத்துக்கு அவர் முதலில் வந்தார், அவரைப் பார்த்து நாங்கள். (இனி ஞா.அ. என்றே எழுதுகிறேன். முழுப் பெயர் எழுதினால் எரிச்சல் வருகிறது.)

கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார். அந்த இடுக்கில் நின்றுகொண்டே பேச்சு.

"எங்க வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி சிந்தலம்மா. மழைத் தண்ணிதான். ஜெபம் பண்ணிக்கிடுவோம்."

ஜெபம் பண்ணினால் ஸ்லாப் காயுமா? உள்ளே வா என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் அடுப்பில் கஞ்சி குடித்த மனிதர். அவர் மனைவி ரத்தினம் மைனி இருந்தால் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருப்பாள். அவள்தான் ஈஸ்டரிலிருந்து ஊரில், தங்கச்சி வீட்டில். அவள் இல்லாத வீட்டில் அவருக்கு மரியாதையும் இல்லை.

இவரிடம் சொன்னேன். "சபைக்காரர்ட்ட போயி சண்டை போடாத" என்றார். பதினெட்டுப் பட்டிக்கும் நல்லவர் என் புருஷன். தாராவியில் பை தைக்கிற பட்டறைக்கே சூப்பர்வைசர், வீட்டில் ஒரு வாய்ச்சொல்லுக்கு வழியில்லை.

ஆகஸ்ட் 9, சனி

வெயில்! துணியெல்லாம் காய்ந்தது. மெத்தையை மாடிப்படிக் கைப்பிடியில் போட்டேன். இரண்டாவது சனி, பள்ளிக்கூட ஆபீஸ் லீவு.

லீவு என்பதால்தான் கண்டுபிடித்தேன். ராத்திரி முழுக்க மழையில்லை. விடிந்தும் மழையில்லை. ஆறரை மணி வாக்கில் சீலிங் வியர்க்க ஆரம்பித்தது. ஏழுக்குச் சொட்டு. பத்து மணிக்கு நின்றுவிட்டது. மற்ற நாட்களில் அந்த நேரம் நான் அடுப்படியில் தோசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன், பிறகு மாட்டுங்கா ட்ரெயினுக்கு ஓடுவேன். பார்க்க ஏது நேரம்?

மழை ஆறரை மணிக்கு டியூட்டிக்கு வருமா? ஆக, தண்ணீர் மேலேயிருந்துதான்.

பிளம்பர் வந்தான். தட்டினான், முகர்ந்தான். பாத்ரூம் பைப் எல்லாம் அந்தப் பக்கம், உங்கள் படுக்கை அறைக்கு மேலே அவர்கள் படுக்கை அறை, இங்கே பைப்பே கிடையாது என்றான். அப்புறம் எப்படி என்று கேட்டால், மேலே யாரோ தரையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்கிறான்.

இரண்டு தோசை தின்று முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. டிரம். தாராவிப் புத்தி. அங்கே காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும், கட்டில் அடிகூட விடாமல் குடத்தையும் டிரம்மையும் அடுக்கி வைப்போம். இங்கே நாள் முழுக்கக் குழாயில் வந்தும் மனசு ஆறாமல் ஞா.அ. படுக்கை அறையில் டிரம் போட்டு நிரப்புகிறார். வழிகிறது. எங்கள் வீட்டிலும் முதல் வருஷம் இவர் அப்படித்தான் செய்தார், நான்தான் டிரம்மைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மறுபடி மழை. சபைக்கு நனைந்துகொண்டே போனோம்.

ஞா.அ. ஜெபத்தை நடத்தினார். கர்ப்பவதிகளுக்காக. "எங்கள் மகள் ஜெனிபருக்குச் சுகப்பிரசவம் தாரும் ஆண்டவரே" என்று பேர் சொல்லி. கண்ணை மூடிக்கொண்டு எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் கண்ணைத் திறந்து அவர் மண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை படுக்கப் போகிற இடத்தில் தினமும் தண்ணீரை ஊற்றிவிட்டு, அதே பிள்ளைக்கு ஜெபம்.

போன அறுப்பின் பண்டிகையில் இதே இடத்தில்தான் சாட்சி சொன்னார். வாதம் வந்து விழுந்த மைனியைக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்து, "டாக்டர் கைவிட்டாவ, கர்த்தர் கைவிடல" என்றார். சபையே அழுதது. நானும்தான். இவர் விக்கி விக்கி. அதற்குப் பிறகு எத்தனை பேர் மைனி வீட்டுக்குப் போய் அவள் கையைத் தங்கள் தலையில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தார்கள். கால் வளராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி விக்ரோலியிலிருந்து வந்தாள். சாட்சி சொன்ன வாயால்தான் இந்த மனிதர் ஒரு சொட்டு சிந்தவில்லை என்கிறார்.

சம்பந்தியம்மா போன். 23-ம் தேதி ஜெ.யைக் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம். "ரூமை ஒரு பார்வை பாத்துக்கிடுதேன்" என்றார். ஜெ. ஈரத்தைப் பற்றி உளறியிருக்கிறாள். சிறு வயதில் அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு என்பது வேறு அந்த அம்மாவுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 13, புதன்

விடிகாலை மழை. வேலைக்குக் கிளம்பும்போது படார் என்று சத்தம். சீலிங் பிளாஸ்டர் ஒரு கை அகலம் பெயர்ந்து தலையணை மேல். மேலே கம்பி தெரிகிறது, துருப்பிடித்து.

தலையணை மேல்.

தலையணையை உதறினேன். பிறகு உட்கார்ந்து புகார் எழுதினேன். படுக்கை அறையில் டிரம் வைத்திருக்கிறார், கமிட்டி உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று. இவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். நீங்கள் போட வேண்டாம், வீடு என் பேரில்தான் இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு இட்லிக்குச் சட்னிகூடக் கேட்கவில்லை, பாவம்.

சாவந்த் வாங்கிக்கொண்டார். 15-ம் தேதி கொடியேற்ற எல்லோரும் கீழே வருவார்கள், அப்போது பேசிவிடலாம் என்றார். ஒழுகுகிற வீட்டைக் கீழே நின்று எப்படிப் பார்ப்பார்களோ.

ஆகஸ்ட் 15, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

தூறல். கீழே காம்பவுண்டில் ஸ்பீக்கர், நாற்காலி, தட்டில் லட்டு. மூத்த மெம்பர் என்று ஞா.அ.வைத்தான் கயிறு இழுக்கச் சொல்லியிருந்தார் சாவந்த். எட்டு மணிக்கு என்று சொன்னதை ஏழேகாலுக்கு மாற்றிவிட்டு, வாட்ச்மேனை மேலே அனுப்பினார். புகார் விஷயமும் இருக்கிறது, உடனே வரச் சொல் என்று.

எங்கள் வாசலைத் தாண்டித்தான் ஞா.அ. இறங்கினார். சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. டிரம்மில் கை வைத்துக்கொண்டிருந்த மனிதர் நேரே வந்திருக்கிறார்!

எல்லோரும் கீழே. நான் மேலே. அவர் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. தள்ளினேன். சொல்லாமல் ஒரு வீட்டுக்குள் நான் நுழைந்ததில்லை. போனில் டிரம்மைப் படம் எடுத்து எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டும், மனசில் அது ஒன்றுதான்.

படுக்கை அறையில் டிரம் இல்லை. ரத்தினம் மைனி இருந்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலியில். விழாமல் இருக்க இடுப்பைப் பழைய சேலையால் நாற்காலியோடு கட்டியிருந்தது. உடம்பில் துணி இல்லை. தலை முழுக்கச் சோப்பு நுரை, வழிந்து ஒரு கண்ணை மூடியிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கீழே தார்ப்பாய், அதைச் சுற்றித் தண்ணீர், ஒரு பக்கெட், ஒரு மக்.

திறந்திருந்த கண்ணால் என்னைப் பார்த்தாள். இடது கையைத் தூக்கி மார்பை மறைத்தாள். அந்தக் கை மட்டும்தான் வருகிறது போல.

கையில் இருந்த போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் வைத்தேன். கொடியில் கிடந்த துண்டை எடுத்துப் போர்த்தினேன். கண்ணில் இருந்த சோப்பைத் துடைத்தேன். கீழே ஜனகணமன. மைனி குளிரில் நடுங்கினாள். என் புகாருக்காகத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். என் புகாருக்காகத்தான் அவள் அப்படி உட்கார்ந்திருந்தாள்.

ஞா.அ. மூச்சு வாங்க வந்தார். என்னைப் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ் போட்டார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஈஸ்டர் முடிஞ்ச வாரம் திரும்பவும் வாதம் வந்துட்டு. பேச்சும் போயிட்டு" என்றார்.

ஆஸ்பத்திரியில் இனி பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். படுத்தே கிடப்பதால் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் முதுகில் புண் வருகிறதாம். பாத்ரூமுக்குள் கொண்டுபோனால் அலறுகிறாளாம். விழுந்தது அங்கேதான். ஆள் வைத்தால் வெளியே தெரிந்துவிடும் என்று வைக்கவில்லை.

ஏன் அண்ணாச்சி யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். எங்களிடமாவது.

"நான் சாட்சி சொன்னவம்லா, ஸ்டெல்லா."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஜனம் என்ன பேசும் என்று எனக்குத் தெரியாதா? விசுவாசம் குறைந்துவிட்டது என்பார்கள். மறைவான பாவம் ஏதோ இருக்கிறது என்பார்கள். விக்ரோலிக்காரி தன் பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வாளோ.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். வாயில் வந்துவிட்டது. கேட்காமலே கொடுத்த வாக்கு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மழை. சபையில் ஒருத்தி ஞா.அ.விடம் மைனி எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். "நல்லா இருக்கா" என்றார். நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

நேற்றே சாவந்திடம் புகாரைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். டிரம் இல்லை, நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் முதுகில் அரிக்கிறது. இவருக்கோ ஒரே சந்தோஷம், நான் கிறிஸ்தவ அன்பில் வளர்ந்துவிட்டேனாம். இவரிடமும் சொல்லவில்லை.

ஆனால் சொட்டு நிற்கவில்லையே. ஆறு நாளில் சம்பந்தியம்மா வருகிறார்.

ஆகஸ்ட் 20, புதன்

செம்பூர் மார்க்கெட்டில் பெரிய தார்ப்பாய் வாங்கி மேலே கொடுத்தேன். ஓரத்தைத் தூக்கி வைத்தால் நாற்காலி வழுக்குகிறது. தாழ்த்தி வைத்தால் தண்ணீர் ஓடுகிறது. ஞா.அ. வைப்பரால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார், அதற்குள் டைல்ஸ் இடுக்கு குடித்துவிடுகிறது.

இரண்டு பேராகத் தூக்கினால் முடியும் என்று நான்தான் அடம்பிடித்தேன். காலையில் நாற்காலியோடு தூக்கினோம். பாத்ரூம் வாசல்படி வரைதான். மைனி அலறினாள். அது பேச்சில்லை, அழுகையில்லை, வெறும் குரல். கீழ்மாடி வரை கேட்டிருக்கும். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "டிவி, டிவி" என்று ஞா.அ. உள்ளேயிருந்தே இந்தியில் சொன்னார். மைனி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகக்குறி.

இறங்கினால் எங்கள் வாசலில் இவர், பல் துலக்குகிற பிரஷ்ஷோடு. "மேல யாருட்டி கத்துனது?" என்றார்.

சொல்லிவிட்டேன். வாக்கு ஐந்து நாள்கூடத் தாங்கவில்லை. பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு வாய் கொப்பளித்துவிட்டு, "அன்னைக்கு நாமதான எல்லாரும் கை தட்டுனோம்" என்றார். ஸ்டூலைப் போட்டு ஏறி, தொங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டரை எல்லாம் தட்டி எடுத்தார், யார் தலையிலும் விழாதபடிக்கு. அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார். ஈரத்தின் மேல் சுண்ணாம்பு. கேழ்வரகில் நெய் வடிகிற கதைதான்.

ஆகஸ்ட் 23, சனி

மழை இல்லை, புழுக்கம். மீன் குழம்பு, சொதி, அப்பளம். சம்பந்தியம்மா பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் எல்லாம் நின்று காய்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். காலை எட்டுக்கே வந்து நிற்கிறார், பின்னால் ஜெ. வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வெயிலுக்கு முன்னால் கிளம்பிவிட்டார்களாம்.

ஜெ. முகம் பூசினாற்போல் இருக்கிறது. கால் வீங்கியிருக்கிறது. அவளைச் சரியாகப் பார்க்கக்கூட விடவில்லை, அந்த அம்மா நேரே அறைக்குள்.

"சுண்ணாம்பு புதுசா இருக்கே" என்றார். மழைக்கால வேலை என்றேன். கட்டிலில் உட்கார்ந்தார். மேலே ரத்தினம் அக்கா வீடுதானே, ஊரிலிருந்து வந்துவிட்டார்களா, போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். சம்பந்தியம்மாவின் வீட்டுக்காரருக்குக் கிட்னி போய் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். பண்டிகைக்கு வந்தபோது அந்தச் சாட்சியைப் போனில் பதிவு பண்ணி வைத்து அவருக்குப் போட்டுக் காட்டுகிறாராம். "எந்திரிச்சு நடந்த கால படம் எடுத்து அவங்களுக்குக் காட்டணும்லா, அதான்" என்றார்.

மேலே யாருமில்லை என்றேன். அண்ணாச்சியும் ஊருக்குப் போயிருக்கிறார், வீடு பூட்டிக் கிடக்கிறது.

சொல்லி வாய் மூடவில்லை. சொட்டு. அவர் மடியில்.

அண்ணாந்து பார்த்தார். இன்னொன்று. சுண்ணாம்பு கரைந்து பால் மாதிரி இறங்கியது.

"பூட்டிக் கெடக்க வீட்டுல இருந்து தண்ணி எப்படி வரும்?"

ஜெ. என்னைப் பார்த்தாள். இவர் அடுப்படி வாசலில் நின்றார். சொல்லிவிடலாம், ஒரே வாக்கியம்தான். சொன்னால் என் மகள் என்னோடு இருப்பாள். சொன்னால் இந்த அம்மா போனில் இருக்கிற அந்தப் பதிவை என்ன செய்வார்? நெருளில் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனிதர் நாளைக்கு எதைப் பார்ப்பார்?

எங்கள் பைப்தான் என்றேன். சுவருக்குள் உடைந்திருக்கிறது. நாங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

"இத்தன நாளும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை. பிறகு, பிள்ளை இழுப்புக்காரி, இந்த ஈரத்தில் பச்சைப் பிள்ளையோடு போட முடியாது, வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். தப்பாகச் சொல்லவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

மீன் குழம்பு அப்படியே இருக்கிறது. போகும்போது ஜெ. படியில் நின்று, "பிளம்பர் வேற சொன்னான்னு நீதானம்மா சொன்ன. ஏம்மா பொய் சொல்லுத?" என்றாள். அவள் மாமியார் முன்னால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கால் நிற்காது. சபை விட்டு ஞா.அ. வருகிற சத்தம் கேட்டதும் மேலே ஏறிவிட்டேன். உங்களுக்கு உங்கள் சாட்சி பெரிது, எனக்கு என் பிள்ளை பெரிதில்லையா என்றேன். ஒரு பேறுகாலத்துக்குக்கூட மகளை வீட்டில் வைத்துப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, நீங்கள் பீடத்தில் நின்று அவளுக்கு ஜெபம் பண்ணுகிறீர்கள் என்றேன். இன்னும் என்னென்னமோ. கட்டிலில் மைனி சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். காது நன்றாகக் கேட்கும் அவளுக்கு.

அவர் பைபிளைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. ஆனால் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேற்றும் இன்றும் சொட்டவில்லை. மழை மட்டும் வெளியே. பக்கெட்டில் பனியன் காய்ந்து விறைத்துக் கிடக்கிறது.

ஏதோ வழி பண்ணியிருக்கிறார். அடுப்படிக்கு மாற்றியிருக்கலாம், ஹாலில் வைத்து ஊற்றலாம். மேலே போய்க் கேட்கவில்லை. எந்த முகத்தோடு போவது? பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் வேலை தலைக்கு மேல். வரும்போது மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை.

ஆகஸ்ட் 27, புதன்

மூன்றாம் நாளும் இல்லை. சீலிங்கில் கை வைத்துப் பார்த்தேன், ஓரம் காய்ந்து கரகரவென்று வருகிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாட்டுக்கூட வாயில் வந்தது.

இவர் அவசரப்பட்டு ஜெ.க்குப் போன் பண்ணிவிட்டார். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "அத்த சரின்னுட்டாங்கம்மா. சனிக்கெழம வரைக்கும் காஞ்சிருந்தா நான் வாரேன். நாளைக்குக் காலைல வீடியோல காட்டு, அவங்க பாக்கணுமாம்." குரலில் அவ்வளவு ஆசை. எனக்குச் சுறாப் புட்டு வேண்டும், ரசம் நீதான் வைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டாள். போனை வைத்த பிறகு தொட்டில் சேலையைத் துவைத்துப் போட்டேன்.

மாடிப்படியில் ஞா.அ.வைப் பார்த்தேன். கையில் மருந்துக்கடைப் பை, பஞ்சு உருளை துருத்திக்கொண்டு. "காஞ்சிட்டா?" என்று கேட்டார். காய்ந்துவிட்டது அண்ணாச்சி என்றேன். தலையாட்டிவிட்டு ஏறிப் போனார். மைனியைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஆறரை. சொட்டு இல்லை. ஏழு. இல்லை. இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சீலிங்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே வாளி இழுக்கிற சத்தம்கூட இல்லை. பஞ்சு உருளை ஞாபகம் வந்தது. பஞ்சு எதற்கு?

ஏறிப் போனேன். ஞா.அ. கதவைத் திறந்தார். வாடை முன்னால் வந்தது, அவர் பின்னால்.

மைனியை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார். முதுகுக்குக் கீழே, இடுப்பெலும்புப் பக்கம், தோல் கழன்று சிவந்து. சுற்றிலும் கறுத்து. பக்கத்தில் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர், பஞ்சு.

என்ன அண்ணாச்சி இது என்றேன்.

"உன் பிள்ள வரணும்லா. இவளத் தொடச்சு மட்டும் விடுதேன். ஒரு மாசம்தான, பேறுகாலம் முடியட்டும்" என்றார். "அவளும் சரின்னு தலையாட்டிட்டா. அன்னைக்கு நீ சொன்னதக் கேட்டுட்டுதான கெடந்தா."

மைனி என்னைப் பார்த்தாள். இடது கையை லேசாக அசைத்தாள், போ, போ என்கிற மாதிரி.

நான் சேலையைச் செருகிக்கொண்டேன். குழாயைத் திறந்து பக்கெட்டை நிரப்பி, கெட்டிலில் இருந்த வெந்நீரைக் கலந்தேன். பேசாமல் பிடிங்க என்றேன். இரண்டு பேருமாக நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டினோம். தார்ப்பாயை விரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

"ஸ்டெல்லா, கீழ எறங்கும்" என்றார்.

"எறங்கட்டும்" என்றேன். மொண்டு மைனியின் முதுகில் ஊற்றினேன். பக்கெட் காலியாகும் வரை ஊற்றினேன். நிரப்பி, மறுபடியும்.

வீட்டுக்குள் வந்தபோது கட்டில் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. ஜெ., வீடியோ கால்.